உங்களுக்குத் தெரியுமா? காட்டுக்குள் எட்டிய வீட்டுக் குரல்

கொலம்பியாவில் கடத்தப்பட்டவர்களுக்கென்றே ஒரு வானொலி நிகழ்ச்சி இருந்தது. பத்திரிகையாளர் எர்பின் ஓயோஸ் 1994இல் தொடங்கிய 'கடத்தப்பட்டோரின் குரல்கள்', ஞாயிறு விடியற்காலைகளில் காரகோல் வானொலியில் ஒலித்தது. தாய்மாரும் மனைவியரும் பிள்ளைகளும் அதில் வீட்டு நடப்புகளைப் பேசினார்கள். காட்டு முகாம்களில் பிணைக்கைதிகள் கேட்டார்கள். ஃபார்க் கெரில்லாக்களிடம் 2002 பிப்ரவரி முதல் 2008 ஜூலை வரை சிக்கியிருந்த கொலம்பிய அரசியல்வாதி இங்கிரிட் பெத்தாங்கூரும் தம் தாயின் குரலை வானொலியில்தான் கேட்டுவந்தார். பதில் சொல்ல வழியில்லாத பேச்சு ஏக்கத்தைக் கூட்டாதா என்ற கேள்வி நியாயமானதே, கூட்டத்தான் செய்யும். ஆனால் நெடுங்காலச் சிறையில் ஆளைத் தின்பது ஏக்கத்தைவிட, தன்னை எல்லோரும் மறந்துவிட்டார்கள் என்ற எண்ணம்தான். அந்த எண்ணத்துக்கு வாரந்தோறும் மறுப்பு வந்தது. அதனால்தான் மீண்டவர்கள் பலர் அந்தக் குரல்களே தங்களைத் தாங்கின என்றார்கள்.

குரல் எல்லாவற்றையும் ஈடுசெய்துவிடாது என்பதும் உண்மை. 1997 டிசம்பரில் அதே கெரில்லாக்களிடம் பிடிபட்ட ராணுவ வீரர் பாப்லோ எமிலியோ மொன்காயோ 2010 மார்ச்சில் விடுதலையானபோதுதான், இடையில் பிறந்த தங்கையை முதன்முதலாகப் பார்த்தார். மகனை மீட்கக் கோரி, சங்கிலி பூட்டிய உடம்போடு 2007இல் தலைநகர் பொகோட்டாவரை நடந்தவர் அவருடைய அப்பா. அந்தச் சங்கிலியை மகனே கழற்றினார்.