கடல் தந்த காசுகள்

நாணயஞ் சேர்ப்போர் முதலில் நோக்குவது அதன் பொலிவையே. எழுத்துத் தேயாது, விளிம்பு மழுங்காது, அச்சிட்ட அன்றுபோல் விளங்குங் காசுக்கே விலை மிகுதி. இவ்வளவுகோல்கொண்டு அளப்பின், மூழ்கிய கப்பலிலிருந்து எடுத்த காசு பெரும்பாலும் பின்தங்கியே நிற்கும். பொன்னைக் கடல் அரிப்பதில்லை. வெள்ளியோ உவர்நீரிற் கறுத்து, அரிப்புண்டு, எடையும் குறைந்துவிடும். அவ்வாறாயின் அக்காசை விரும்பி வாங்குவோர் எதனை வாங்குகின்றனர்? எம் மாணவருள் நாணயஞ் சேர்ப்போர் சிலர் உளராதலின் இதனைச் சிறிது ஆராய முற்பட்டோம்.

விடைகாணத் தொலைவு செல்லவேண்டுவதில்லை. எம் தீவின் தென்கீழ்க் கரைக்கு அப்பால், கிரிந்தைக் கடலில், 'கிரேட் பாசஸ்' எனும் கற்பாறைத் தொடர் உண்டு. 1961ஆம் ஆண்டு மைக் வில்சனும் அவருடன் சென்ற சிறுவர் இருவரும் அங்கே மூழ்கியவிடத்து வெள்ளிக் காசுகளைக் கண்டனர். ஆதர் சி. கிளாக் அவ்வரலாற்றை நூலாக எழுதி 1964இல் வெளியிட்டார். அவை ஔரங்கசீப்பின் ஆட்சியிற் சூரத்து நகரில் அடிக்கப்பெற்ற உரூபாக்கள். ஹிஜ்ரி 1113 எனும் ஆண்டைத் தாங்கியவை. பல காசுகள் ஒன்றோடொன்று இறுகி, தம்மைக் கொண்டிருந்த மூட்டையின் வடிவிலேயே கட்டிகளாய்க் கிடந்தன.

சூரத்து உரூபா அரிய பொருளன்று. தனியொரு காசாயின் கடைவீதியிலும் கிடைக்கும். அதுவும் கடலரிப்பு இன்றிக் கிடைக்கும். ஆனால் ஒரே சாலையில் அடித்த, ஒரே ஆண்டுக் காசுகள் மூட்டையாகக் கிடைப்பது வேறு செய்தி. அவை கைமாறித் திரிந்த பணமல்ல. அச்சுச்சாலையினின்று நேரே கப்பலேறிய வாணிகச் சரக்கு என்பதும், அக்கப்பல் 1701க்கு முன் மூழ்கியிருத்தல் இயலாது என்பதும் அதனாற் புலனாகும். கட்டியை உடைத்துக் காசுகாசாக விற்பவன் விலைப்பொருள் பல பெறுவான். சான்றோ அன்றே அழிந்துவிடும்.

அருமை என்பதும் கடலிற் கிடந்தமையால் மட்டும் வந்துவிடாது. 1809 சனவரியிலே இங்கிலாந்தின் குட்வின் மணல்திட்டில் 'அட்மிரல் கார்டினர்' எனும் கப்பல் உடைந்தது. சென்னை மாகாணத்துக்கென அடித்த 10, 20 காசுச் செப்பு நாணயங்கள் அதிற் பீப்பாய் பீப்பாயாக இருந்தன. 1980களில் அவை பெருந்தொகையாக வெளிப்பட்டன. பீப்பாயின் நடுவிலிருந்தவை புத்தம்புதியனவாய் இருந்தும், எண்ணிக்கை மிகுந்தமையால் அவற்றை இன்றும் எளிய விலைக்கு வாங்கலாம். மாணவன் ஒருவன் தொடங்குதற்கு இதனினும் ஏற்ற காசு இல்லையென்பது எம் கருத்து.

வாங்குவோர் எந்தக் கப்பல், எவர் எடுத்தது, அனுமதியுடன் எடுத்ததா என்பவற்றை எழுத்திற் பெறுக. அவ்வெழுத்தின்றேல் கையிலிருப்பது அரிப்புண்ட பழங்காசு மாத்திரமே. புளியும் சாம்பலுமிட்டுத் துலக்குதல் எம் வீட்டுக் குத்துவிளக்குக்கு நன்று, காசுக்கு ஆகாது. உலோகத்துள் ஊறிய உப்பு, தூயநீரை மாற்றி மாற்றி நெடுநாள் ஊறவைத்தாலன்றி நீங்காது. அஃது எஞ்சியிருப்பின், பேழையுள் வைத்த செப்புக்காசிலும் சில மாதங்களிற் பச்சைப்பொடி பூக்கும்.