ஜன்னலைச் சுற்றி டைல் பதித்தல்

குளியலறைச் சுவரில் பதித்த டைலின் நேர்த்தி தெரிவது ஜன்னல் ஓரத்தில்தான். வெறும் சுவரில் நூல் பிடித்து வரிசையாக ஒட்டிக்கொண்டு போய்விடலாம். ஜன்னல் வந்ததும் வெட்ட வேண்டும், மூலை எடுக்க வேண்டும், சட்டத்தோடு பொருத்த வேண்டும். வெளிச்சமும் அந்தப் பக்கத்திலிருந்தே சாய்ந்து விழுவதால் அரை நூல் மேடுபள்ளமும் நிழலாகத் தெரிந்துவிடும்.

இலங்கை மலையகத்தின் நோர்வூட் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களுக்கு இது பழைய வேலை அல்ல. லயம் என்னும் வரிசை வீடுகளில் குளியல், தண்ணீர் கொட்டும் பீலிக்கரையில்தான். ஜன்னல் வைத்த குளியலறை பரவலானது தனி வீடுகள் வந்த பிறகுதான். 2017 மே 12 அன்று நோர்வூட் மைதானத்தில் பேசிய இந்தியப் பிரதமர் நரேந்திர மோடி, மலையகத்தில் ஏற்கெனவே கட்டப்பட்டு வந்த 4,000 வீடுகளோடு மேலும் 10,000 வீடுகள் கட்டித்தரப்படும் என்று அறிவித்தார். அந்த 4,000 வீடுகளில் ஒரு வீட்டுக்கு 7 பேர்ச் காணி, 550 சதுர அடி. இவ்வளவு சிறிய வீட்டின் குளியலறையில் ஜன்னல் இருக்கும் சுவர் கண்ணிலிருந்து தப்பவே முடியாது.

முதலில் அளவு. பலர் அறையின் மூலையில் முழு டைலை வைத்து ஆரம்பிக்கிறார்கள். அதுதான் பிழை. 60 அங்குலச் சுவரில் இடப்பக்கம் 20, வலப்பக்கம் 16 அங்குலம் விட்டு 24 அங்குல ஜன்னல் இருப்பதாக வைத்துக்கொள்வோம். டைலின் அகலம் 12 அங்குலம். இடது மூலையிலிருந்து தொடங்கினால் ஜன்னலின் ஒரு பக்கத்தில் 8 அங்குலத் துண்டும் மறுபக்கத்தில் 4 அங்குலத் துண்டும் வந்து நிற்கும். ஜன்னலின் நடுக்கோட்டில் இணைப்பை வைத்து இரு பக்கமும் போனால் ஜன்னலை ஒட்டி இரண்டு பக்கமும் முழு டைல். துண்டுகள் அறையின் மூலைகளுக்கு ஒதுங்கிவிடும். மூலையில் துண்டு இருப்பதை யாரும் கவனிப்பதில்லை. உயரத்துக்கும் இதே கணக்குத்தான்: ஜன்னலின் அடிமட்டத்தையும் மேல்மட்டத்தையும் பார்த்து வரிசையைத் தீர்மானிக்க வேண்டும். கணக்கு எப்போதும் இவ்வளவு அழகாக வந்துவிடாது. அப்போது, எங்கும் பாதி டைலுக்குக் குறைந்த துண்டு வராதபடி கோட்டை நகர்த்திக்கொள்ளலாம். ஒட்டுவதற்கு முன் சுவரில் பென்சிலால் கோடு போட்டுப் பார்ப்பதற்குச் செலவே இல்லை.

ஜன்னல் மூலையில் வரும் டைலை 'ட' எழுத்துப் போல வெட்ட வேண்டியிருக்கும். அது பெரும்பாலும் உள்மூலையில்தான் வெடிக்கும். வயிர பிட்டால் அந்த மூலையில் முதலில் ஒரு துளை போட்டு, பிறகு கிரைண்டரால் இரு பக்கமிருந்தும் துளைவரை அறுத்தால் வெடிப்பு ஓடாது. துளையைத் தாண்டி அறுப்பதுதான் வழக்கமான தவறு.

மலைநாட்டில் அழகைவிட முக்கியமானது ஜன்னலின் அடித்தளம். தென்மேற்குப் பருவ மழை மே முதல் செப்டெம்பர் வரை காற்றோடு ஜன்னலில் அடிக்கும். உள்ளே சுடுநீர் ஆவி குளிர்ந்த கண்ணாடியில் பட்டு நீராக வழியும். ஆகவே அடித்தள டைல் அறைப்பக்கமாகச் சற்றுச் சரிந்திருக்க வேண்டும். தட்டையாக இருந்தால் தண்ணீர் சட்டத்தடியில் தேங்கும். முதலில் அடித்தள டைல், அதன்மேல் வந்து அமரும்படி பக்கத்து டைல் என்பதே வரிசை. அப்போது வழியும் நீர் இணைப்புக்குள் போகாது. வெளிமூலைகளுக்கு டைல் பீடிங் வைக்கலாம். இரு விளிம்புகளையும் 45 பாகையில் சீவிச் சேர்ப்பது இன்னும் அழகு, ஆனால் கை பழகாதவர் முயன்றால் விளிம்பு சிதறும். டைலுக்கு அடியில், ஜன்னலைச் சுற்றி, நீர்க்காப்புப் பூச்சு இரண்டு தடவை பூசுவதும் அவசியம். டைல் வழுவழுப்பாக இருந்தாலும் அதன் இணைப்பு வழியே நீர் ஊறும்.

சாதாரணச் சுவர் டைல் தன் எடையில் 10 சதவீதத்துக்கு மேல் நீரை உறிஞ்சும். போர்சலின் டைல் 0.5 சதவீதத்துக்கு மேல் உறிஞ்சாது. அதனால் நீரில் ஊறவைத்துச் சீமெந்துப் பாலால் ஒட்டும் பழைய முறை முதலாவதுக்குத்தான் சரி. போர்சலினுக்குச் சீமெந்து பிடிக்காது, டைல் பசைதான் வேண்டும். ஜன்னலுக்கு மேல் வரும் டைல் சரியாமலிருக்க, பசை இறுகும்வரை அடியில் நேர்ப்பலகை முட்டுக்கொடுக்க வேண்டும். குளிரிலும் மூடுபனியிலும் பசை தாமதமாகவே இறுகும். பொதியில் எழுதிய நேரத்தை நம்பி மறுநாளே கிரவுட் அடிப்பது அவசரம்.

கடைசியாக, சட்டத்துக்கும் டைலுக்கும் இடையில் ஏறத்தாழ 3 மில்லிமீற்றர் இடைவெளி விட வேண்டும். ஈரத்தில் மரம் உப்பும், வெயிலில் அலுமினியம் விரியும். சட்டத்தை இறுக்கி ஒட்டிய டைல் வெடிக்கும். அந்த இடைவெளியில் கிரவுட் போட்டால் சில மாதங்களில் பிளந்துவிடும். பூஞ்சணம் பிடிக்காத சிலிகனால் அதை நிரப்ப வேண்டும். சில வருடங்களில் சிலிகன் கறுத்தாலோ விட்டுப்போனாலோ பிளேடால் கீறி எடுத்துவிட்டுப் புதிதாகப் போடலாம்; டைலில் கைவைக்க வேண்டியதில்லை.