தகட்டில் உறங்கும் செல்வம்

2003-ஆம் ஆண்டு பிப்ரவரி 1-ஆம் நாள், கல்பனா சாவ்லா உள்ளிட்ட எழுவரைப் பலிகொண்டு, கொலம்பியா விண்ணோடம் டெக்சஸ் வானில் சிதறிற்று. சில திங்கள் கழித்து, வறண்ட ஏரியொன்றில் அவ்வோடத்தின் ஹார்ட் டிஸ்க் கருகிய நிலையில் கண்டெடுக்கப்பட்டது. அதிலிருந்து நூற்றுக்கு 99 பங்கு தகவலை அமெரிக்க வல்லுநர்கள் மீட்டனர்! செனான் வாயுவைப் பற்றிய அச்சோதனையின் முடிவுகள் 2008-இல் அறிவியல் ஏட்டில் வெளிவந்தன.

இஃது எங்ஙனம் இயன்றது? உள்ளிருந்த தகடுகள் வளையவில்லை. தட்டில் பாதியே நிரம்பியிருந்தது. எழுதியவையும் சிதறாமல் ஓரிடத்தில் இருந்தன. கீறல் விழுந்ததோ எழுதாத பகுதியில். அதே ஓடத்தின் வேறிரு தட்டுகளில் எதுவும் மிஞ்சவில்லை. இதனை ஊழ் என்பாரும் உளர்.

நிற்க. ஐதராபாத், செகந்திராபாத் நகரங்களில் குடியேறிய நம்மவர் இல்லங்களிலும் இத்தகைய தட்டுகள் உள்ளன. மறைந்த பாட்டியின் குரலும், குழந்தையின் காதணி விழாப் படங்களும் அவற்றில்தாமே உறங்குகின்றன!

நிமிடத்திற்கு 5,400 அல்லது 7,200 முறை சுழலும் தகட்டின்மேல், தலைமயிரின் பருமனில் ஆயிரத்தில் ஒரு பங்கினும் குறைந்த உயரத்தில் படிப்புமுனை மிதக்கிறது. 'டிக், டிக்' என்னும் ஓசை இடைவிடாது எழுமாயின், கணினியை உடனே நிறுத்துக. மீண்டும் மீண்டும் இயக்கிப் பார்ப்பது, முனை தகட்டைச் சுரண்ட இடமளிப்பதாகும். குளிர்பெட்டியில் வைக்கச் சொல்லும் அன்பர்கள் பலர். உள்ளே ஈரம் படியும், வேண்டா. வீட்டில் திருகைக் கழற்றித் திறப்பதோ அதனினும் கேடு. அதற்கெனத் தூசி நீக்கிய அறை வேண்டும்.

ஓசையின்றி, தயங்கித் தயங்கியேனும் தட்டு படிக்குமாயின், பழுதுபார்க்கும் நிரலை ஓட்டாமல், முழுப் பிரதியொன்றை வேறு தட்டில் முதலில் எடுத்தல் வேண்டும். 'டிடிரெஸ்க்யூ' என்னும் இலவச நிரல் நல்ல பகுதிகளை முன்னர்ப் படித்துவிட்டு, பழுதானவற்றை இறுதிக்கு ஒதுக்கி வைக்கும். நமக்கு மிகவும் பிடித்த ஒழுங்கு இது.

செகந்திராபாத் சினாய் டிரேட் சென்டர் போன்ற கணினிக் கடைத்தொகுதிகளுக்குத் தட்டை எடுத்துச் செல்வோர், தூசியற்ற அறை உண்டா, மீளாவிடில் கட்டணம் உண்டா என இரண்டையும் கேட்டுத் தெளிந்த பின்னரே கையில் கொடுக்க.

2020 அக்டோபர் வெள்ளம் நகரின் தாழ்வான பகுதிகளை மூழ்கடித்ததை நாம் மறக்கவில்லை. தட்டும் அதன் பிரதியும் ஒரே அலமாரியில் இருப்பின் இரண்டும் ஒருங்கே நனையும். பொங்கலுக்கு ஊர் செல்வோர் தம் பெட்டியில் ஒரு பிரதியை எடுத்துச் சென்று, தமையனார் வீட்டில் வைத்துவிட்டு வரலாம். அதிரசப் பொட்டலத்தைவிட அது சிறியதே.