உங்களுக்குத் தெரியுமா? கம்பிக்கு அடியில் ஒரு கூட்டம்

பல்லுக்குக் கம்பி போட்டவர்கள், சரியாகத் துலக்காத நாளில் கண்ணாடி பார்த்தால் கம்பியைத் தாங்கும் பிராக்கெட் ஓரமாக மஞ்சள் படிவு தெரியும். அங்கே பிரஷ் லேசில் நுழையாது. ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மியூட்டன்ஸ் நுழைந்துவிடும். 1924-இல் பிரிட்டனில் கிளார்க் என்பவர் அடையாளம் கண்ட இந்தப் பாக்டீரியா, நாம் தின்னும் சர்க்கரையை அமிலமாக்கி எனாமலை அரிக்கும். கம்பி கழற்றியபின் தெரியும் வெள்ளைத் திட்டுகளில் இதன் கைவரிசை உண்டு. குளோர்ஹெக்சிடின் மவுத்வாஷ் இதை அடக்கும். ஆனால் தொடர்ந்து கொப்பளித்தால் பல்லில் பழுப்புக் கறை ஏறலாம், நாக்கின் ருசியும் மாறலாம். அதனால்தான் நல்ல பாக்டீரியாவை விட்டுக் கெட்டதை விரட்டும் புரோபயாட்டிக் மவுத்வாஷ் பக்கம் ஆராய்ச்சியாளர்கள் திரும்பினார்கள். சில ஆய்வுகளில் மியூட்டன்ஸ் குறைந்தது; சிலவற்றில் அசையவே இல்லை. புரோபயாட்டிக் மவுத்வாஷுக்குக் காசு செலவழிக்குமுன், ஃபுளோரைடு பேஸ்ட்டும் கம்பியிடுக்கில் நுழையும் குட்டி பிரஷும் வாங்கிவிடுங்கள்.