வைத்தியம் பார்க்க வேண்டிய அடி

மலேசியாவின் லிங்கி வட்டாரத்துத் தோட்டங்களில், யாருக்கும் பதில் சொல்லாமல் ஒரு பெண் கிளம்பிப் போகக்கூடிய இடங்கள் குறைவு. கோயில், கடை, கிளினிக், அவ்வளவுதான். அதிலும் கதவைச் சாத்திக்கொண்டு தனியாகப் பேச முடிவது கிளினிக்கில் மட்டுமே. கணவன் அடிப்பதை அங்கே வாய் திறந்து சொல்லலாம், சொல்ல வேண்டும். அதற்காகவே இந்தக் கட்டுரை.

எவ்வளவு பேர்?

உலகச் சுகாதார நிறுவனம் 2021இல் வெளியிட்ட அறிக்கைப்படி, உலகில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பெண் வாழ்நாளில் ஒரு முறையாவது உடல் அல்லது பாலியல் வன்முறைக்கு ஆளாகிறாள். பெரும்பாலும் கை ஓங்குபவன் கணவனோ துணைவனோதான். மலேசியக் காவல்துறையில் 2019இல் 5,657 குடும்ப வன்முறைப் புகார்கள் பதிவாயின. 2021இல் அது 7,468. காவல்நிலையம்வரை போனவர்களின் கணக்கு இது. போகாதவர்களை யார் எண்ணுவது?

தோட்டத்துப் பெண் போகாததற்குக் காரணம் உண்டு. பால்மரம் போய்ச் செம்பனை வந்தும், பல வீடுகள் இன்னும் வேலையோடு சேர்ந்த வீடுகள்தான். வேலை கணவன் பெயரில் என்றால், அவனைப் பகைத்தால் கூரையும் போய்விடும் என்ற பயம் வரும். லயத்தில் பக்கத்து வீட்டுக்குச் சத்தம் கேட்காமல் இராது. "புருஷன் பொண்டாட்டி சண்டை, நமக்கெதுக்கு" என்று டிவி சத்தத்தைக் கூட்டிவிடுகிறார்கள்.

சம்சு என்ற மலிவுச் சாராயம்தான் காரணம் என்பார்கள். குடி அடியின் வேகத்தைக் கூட்டும், மறுக்கவில்லை. ஆனால் எவ்வளவு குடித்தாலும் அவன் தோட்ட அலுவலகக் கிராணியை அடிப்பதில்லை, வேலை வாங்கும் மண்டோரை அடிப்பதில்லை. வீடு வந்து சேரும்வரை பொறுத்திருந்து மனைவியை அடிக்கிறான்.

உடம்பில் என்ன நடக்கிறது

காயமும் எலும்பு முறிவும் கண்ணுக்குத் தெரியும். தெரியாதவை அதிகம். ஓயாத தலைவலி, வயிற்று எரிச்சல், முதுகுவலி, தூக்கமின்மை என்று மாத்திரை வாங்கிப் போகும் பெண்களில் சிலருக்கு நோயின் வேர் வீட்டில் இருக்கிறது. துணைவனின் வன்முறைக்கு ஆளான பெண்களுக்கு மனச்சோர்வு வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் 2013 அறிக்கை சொல்கிறது.

கர்ப்பமானால் அடி நின்றுவிடும் என்று நம்ப முடியாது. வயிற்றில் விழும் அடி கருவைக் கலைக்கலாம், எடை குறைந்த குழந்தை பிறக்கலாம். கர்ப்பிணிகளுக்கான பிங்க் புத்தகத்தோடு பரிசோதனைக்கு வரும் பெண்ணின் கையில், முழங்கைக்கு மேலே நான்கு விரல் பதிந்த மாதிரி நீலம் தெரிந்தால் தாதியர் அதை விட்டுவிடக் கூடாது. கணவனை வெளியே உட்கார வைத்துவிட்டு, "வீட்டுல யாராவது கை வைக்கிறாங்களாம்மா?" என்று ஒரு முறை கேட்டால் போதும், பலர் சொல்லிவிடுவார்கள்.

எல்லாவற்றிலும் ஆபத்தானது கழுத்தை நெரிப்பது. பல சமயம் தோலில் தடமே இருக்காது. குரல் கம்முவது, விழுங்கும்போது வலி, கண் வெள்ளையில் சிவப்புப் புள்ளிகள், சிறிது நேரம் நினைவு தப்பியது, தன்னையறியாமல் சிறுநீர் போனது, இவற்றில் ஒன்று இருந்தாலும் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும். கழுத்து இரத்தக்குழாய் உள்ளே கிழிந்திருந்தால் சில நாள் கழித்துப் பக்கவாதம் வரலாம். ஒரு முறை கழுத்தை நெரித்தவன் பிறகு கொலைவரை போகும் அபாயம் பல மடங்கு என்பதை அமெரிக்க ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. "சும்மா மிரட்டினாரு" என்று இதைத் தள்ளிவிடாதீர்கள்.

மருத்துவமனையில்

அரசாங்க மருத்துவமனைகளின் அவசரப் பிரிவில், வன்முறைக்கு ஆளானவர்களைத் தனியறையில் கவனிக்கும் ஒருமுனைச் சேவை 1990களிலிருந்து இருக்கிறது. லிங்கிக்காரர்களுக்குப் போர்ட்டிக்சன் மருத்துவமனை பக்கம், பெரியது சிரம்பானின் துவாங்கு ஜாஃபார். "படியில விழுந்துட்டேன்" என்று சொன்னால் அட்டையில் அதுதான் ஏறும். பிறகு வழக்குக்குப் போனால் அந்த வரி உங்களுக்கு எதிராக நிற்கும். யார் அடித்தது, எதைக் கொண்டு அடித்தது, எப்போது என்று சொல்லி எழுதச் சொல்லுங்கள். காயத்தைப் படம் எடுக்கச் சொல்லுங்கள்.

சட்டம்

1994ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டம் 1996இல் அமலுக்கு வந்தது. கோயிலில் தாலி கட்டி, பதிவு செய்யாமல் வாழும் பெண்கள் நம்மிடையே நிறையப் பேர். அவர்களுக்கும் இந்தச் சட்டம் பாதுகாப்புத் தருகிறது. சமயச் சடங்கோ வழக்கச் சடங்கோ நடந்திருந்தால் போதும். இது தெரியாமலே எத்தனையோ பேர் ஆண்டுக்கணக்கில் வாய் மூடிக் கிடக்கிறார்கள் என்பதை நினைத்தால் மனம் கொதிக்கிறது.

2017 திருத்தத்தின்படி, சமூகநல இலாகா அதிகாரியே அவசரப் பாதுகாப்பு ஆணை தரலாம். போலீஸ் புகார்கூட முதலில் தேவையில்லை. அது 7 நாள் செல்லும். அந்த ஒரு வாரத்துக்குள் புகார் செய்து, நீதிமன்றத்தின் இடைக்கால ஆணைக்கு வழி தேடிக்கொள்ளலாம்.

திடீரென்று வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டி வரலாம். மைகார்டு, பிள்ளைகளின் பிறப்புப் பத்திரம், மருந்து, கொஞ்சம் பணம் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு நம்பிக்கையான ஒருவர் வீட்டில் வைத்துவிடுங்கள். தாலியான் காசே என்ற உதவித் தொலைபேசியின் எண் 15999, இரவு பகல் எந்நேரமும் அழைக்கலாம். சத்தம் கேட்கும் பக்கத்து வீட்டுக்காரரும் அழைக்கலாம்.