தொட்டிலைச் சுற்றி எத்தனை மொழி

மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் கைக்குழந்தைக்கும் தாய்மொழி உண்டு. இன்னும் பேச்சு வராத பிள்ளை என்றால் தாய் பேசும் மொழியை அதன் பெயருக்கு நேரே எழுதிக்கொள்வார்கள். பெரியவர்கள் தாய்மொழியோடு தெரிந்த வேறு இரண்டு மொழிகளையும் சொல்லலாம். நான்காவது மொழி தெரிந்திருந்தால் அதை எழுத இடமில்லை.

காத்திவாக்கத்தில் நான்கு மொழி தெரிந்தவரைத் தேடி அலைய வேண்டியதில்லை. சென்னையிலிருந்து கூடூருக்குப் போகும் ரயில் பாதையில் இருக்கும் ஊர் இது. ஆந்திர எல்லை பக்கம்தான் என்பதால் வீட்டுக்குள் தெலுங்கும் வாசலில் தமிழும் பேசுகிறவர்கள் இங்கே உண்டு. பக்கத்திலுள்ள எண்ணூரின் பர்மா நகருக்கு வேறொரு கதை. 1962-இல் பர்மாவில் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. அடுத்த இரண்டு ஆண்டுகளில் கடைகளும் தொழில்களும் நாட்டுடைமையாக, பிழைப்பிழந்த தமிழர்கள் கப்பலேறி வந்தார்கள். தமிழோடு பர்மிய மொழியும் அவர்கள் நாவில் வந்தது. பிறகு துறைமுகமும் மின்நிலையங்களும் ஆலைகளும் பீகார், உத்தரப் பிரதேசம், ஒடிசாவிலிருந்து ஆட்களை அழைத்து வந்தன.

பீகாரிலிருந்து வந்த தொழிலாளியை நாம் ‘இந்திக்காரர்’ என்று சொல்லிவிடுகிறோம். அவர் வீட்டில் பேசுவது போஜ்புரியாகவோ மைதிலியாகவோ இருக்கலாம். மைதிலி தனி மொழியாக அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணையில் இருக்கிறது. போஜ்புரிக்கு அந்த இடம் கிடைக்கவில்லை. 2011 கணக்கெடுப்பில் 5 கோடிப் பேர் போஜ்புரியே தாய்மொழி என்று சொன்னார்கள். அத்தனை பேரும் இந்தியின் கணக்கில் சேர்க்கப்பட்டார்கள். அந்த ஆண்டு நாடு முழுவதும் மக்கள் சொன்ன தாய்மொழிப் பெயர்கள் 19,569. சலித்துத் தொகுத்தபின் 1,369 தாய்மொழிகள். அவற்றையும் தொகுத்தபோது 121 மொழிகள். நிர்வாகத்துக்கு இப்படிச் சுருக்குவது தேவைப்படலாம். ஆனால் 5 கோடிப் பேர் வாய்விட்டுச் சொன்ன பெயர், தலைப்பு வரிசையில் காணாமல் போவது எனக்கு நியாயமாகப் படவில்லை.

காத்திவாக்கத்தைப் போன்ற மொழி நெரிசலில் வளரும் குழந்தைகளை கானா நாட்டில் ஆராய்ந்திருக்கிறார்கள். அந்நாட்டில் 70-க்கும் மேற்பட்ட மொழிகள் வழங்குகின்றன. தலைநகர் அக்ராவில் பல குடும்பங்கள் பொது முற்றத்தைச் சுற்றி வாழ்கின்றன. தாய் வேலையாக இருந்தால் பிள்ளையை அத்தையோ அண்டைவீட்டாரோ தூக்கிக்கொள்கிறார்கள். ஜெர்மனியின் பாட்ஸ்டாம் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், 3 முதல் 12 மாதம் வரையான குழந்தைகள் அங்கே என்ன கேட்கிறார்கள் என்று பதிவுசெய்தார்கள். ஒவ்வொரு குழந்தையின் காதிலும் 2 முதல் 6 மொழிகள் வழக்கமாக விழுந்தன. அகான், கா, எவே ஆகியவை பெரும்பாலும் தூக்கி வைத்திருப்பவர்கள் நேராகப் பிள்ளையைப் பார்த்துப் பேசியவை. ஆங்கிலமோ பெரும்பாலும் தொலைக்காட்சி போன்ற வழிகளில் வந்து சேர்ந்தது.

இத்தனையையும் சிசு எப்படிப் பிரித்தறிகிறது? முதல் உதவி தாளம். பிரான்சில் பிறந்து சில நாளே ஆன குழந்தைகள் ஆங்கிலத்துக்கும் ஜப்பானியத்துக்கும் வேறுபாடு கண்டன. தாளம் ஒத்த ஆங்கிலத்தையும் டச்சு மொழியையும் அவற்றால் பிரிக்க முடியவில்லை. ஆனால் பார்சிலோனாவில், ஒன்றுக்கொன்று நெருங்கிய உறவுள்ள ஸ்பானிஷையும் கட்டலானையும் வீட்டில் கேட்டு வளர்ந்த குழந்தைகள் நான்கு மாதத்திலேயே பிரித்தறிந்தன. உட்காரக்கூடத் தெரியாத வயது அது! தமிழும் தெலுங்கும் புழங்கும் வீட்டுக் குழந்தையின் காதும் இப்படி ஒரு வேலையைச் செய்துகொண்டிருக்கும் என்று நினைக்கும்போது எனக்கு மலைப்பாக இருக்கிறது.

பர்மா நகரில் பர்மிய மொழி மங்கியதற்கு, பிள்ளைகளிடம் அதை நேராகப் பேச ஆளில்லாமல் போனதே பெரிய காரணம் என்று தோன்றுகிறது. கொஞ்சுவதற்கும் அதட்டுவதற்கும் தமிழ் இருந்தது, வெளியிலும் தமிழ்தான். பேரப்பிள்ளைகளுக்கு அத்தோ, மொயிங்கா, பேஜோ என்று சாப்பாட்டுப் பெயர்களே பெரும்பாலும் மிஞ்சின. போஜ்புரிக் குடும்பங்களின் நிலை வேறு. அங்கே தாய் தாலாட்டுவது அந்த மொழியில். தெருவும் பள்ளியும் தருவது தமிழ். அந்தப் பிள்ளைகள் இரண்டையும் கைவிடமாட்டார்கள் என்றே நம்புகிறேன்.