குழம்பிலும் ஒரு பாடு

பழவேற்காடு ஏரியில் எந்த ஊரார் எந்த நாளில் எந்த இடத்தில் வலை கட்டுவது என்பதைப் பாடு முறை வைத்துத் தலைமுறைகளாகத் தீர்த்துவந்திருக்கிறார்கள். தண்ணீரை இவ்வளவு நுணுக்கமாகப் பங்கிடத் தெரிந்த ஊர்களில், பிடித்துவந்த மீனில் மாசமாக இருக்கும் பெண்ணுக்கு எவ்வளவு என்ற கணக்கை மட்டும் யாரும் போட்டதில்லை. இறாலும் நண்டும் ஏலத்துக்குப் போகின்றன. விலை போகாத பொடிமீன்தான் சட்டிக்கு வருகிறது. தொழிலுக்குப் போகிறவருக்கும் பிள்ளைகளுக்கும் போட்ட பிறகு, கடைசியாக உட்காருகிறவளுக்குப் பெரும்பாலும் குழம்புதான் மிச்சம். குறைமாதப் பிரசவத்தின் செலவைப் பேசுவதென்றால் இந்தச் சட்டியிலிருந்துதான் தொடங்க வேண்டும் என்பேன்.

ரசீது இல்லாத செலவு

37 வாரம் நிறையுமுன் பிறப்பது குறைமாதப் பிரசவம். 2020இல் உலகில் அப்படிப் பிறந்த குழந்தைகள் ஏறத்தாழ 1.34 கோடி, அதில் சுமார் 30 லட்சம் இந்தியாவில், வேறெந்த நாட்டையும்விட அதிகம். அமெரிக்காவில் 2005ஆம் ஆண்டுக்குக் கணக்குப் பார்த்தபோது, ஒரு குறைமாதக் குழந்தையால் அந்தச் சமூகத்துக்கு ஆன செலவு 51,600 டாலர் என்று வந்தது. நம் அரசு மருத்துவமனையில் குறைமாதப் பிள்ளையை வைக்கும் கண்ணாடிப் பெட்டிக்குக் காசு கட்ட வேண்டியதில்லை. அதனாலேயே செலவே இல்லை என்று நினைத்துவிடுகிறோம். 32 வாரத்தில் பிறந்த பிள்ளை வீடு திரும்பப் பெரும்பாலும் நான்கைந்து வாரமாகும். அந்த நான்கைந்து வாரமும் தாய் வார்டில் இருப்பாள், துணைக்கு மாமியாரோ அம்மாவோ. கூடை தூக்கி மீன் விற்கும் கை இரண்டு வீட்டில் நின்றுபோகும். பக்கத்துப் பொன்னேரி மருத்துவமனையில் முடியாமல் சென்னை எழும்பூர் மருத்துவமனைக்கு அனுப்பினால், சுமார் 60 கிலோமீட்டர் போய்வருகிற நாளில் அப்பனுக்கும் தொழில் இல்லை. அன்றாட வரும்படியில் ஓடும் வீடு அப்போது கம்மலை அடகுக் கடைக்குத்தான் கொண்டுபோகும். வீடு திரும்பிய பிறகும் விழித்திரைப் பரிசோதனை, காது கேட்கிறதா என்ற சோதனை, எடை பார்ப்பது என்று நடை ஓயாது. இழந்த வரும்படியை அரசுக் காப்பீட்டுத் திட்டம் ஈடுகட்டாது.

மீனில் இருப்பது

டென்மார்க்கில் 8,729 கர்ப்பிணிகளிடம் நடத்தி 2002இல் வெளியிட்ட ஆய்வில், மீனே சாப்பிடாதவர்களில் 7.1 சதவீதத்தினருக்குக் குறைமாதப் பிரசவம். வாரம் ஒரு முறையாவது சாப்பிட்டவர்களில் 1.9 சதவீதம்தான். மீன் வாங்க வசதியுள்ளவர்களுக்கு மற்ற வசதிகளும் இருந்திருக்கலாமே என்று கேட்கலாம், நியாயமான கேள்விதான். ஆனால் ஒமேகா-3 கொழுப்பைப் பற்றிய 70 சோதனைகளை, ஏறத்தாழ 20,000 பெண்களின் விவரங்களோடு, காக்ரேன் அமைப்பு 2018இல் தொகுத்துப் பார்த்தபோதும் அதே திசையில்தான் விடை வந்தது. 37 வாரத்துக்கு முந்தைய பிரசவம் 13.4இலிருந்து 11.9 சதவீதமாகவும், 34 வாரத்துக்கு முந்தையது 4.6இலிருந்து 2.7 சதவீதமாகவும் குறைந்தது. பிந்தைய எண்ணைத்தான் நான் பெரிதாக எடுத்துக்கொள்வேன். வார்டில் மாதக்கணக்கில் கிடக்கும் பிள்ளைகள் 34 வாரத்துக்கு முன் பிறப்பவர்கள்தான். அந்தக் கொழுப்பு மத்தியிலும் கவளையிலும் தாராளமாக உண்டு. விலை மலிவான மீன்கள், இந்தக் கரைக்கு வருகிறவை.

“நாங்கள் தின்னாத மீனா?”

மீனவப் பெண்ணிடம் போய் மீன் தின்னச் சொல்வதா என்ற கேள்வி வரும். கரையில் இறங்கும் மீனும் தட்டில் விழும் மீனும் ஒன்றா என்பதுதான் அதற்குப் பதில். ஆஸ்திரேலியாவில் சுமார் 5,500 பெண்களிடம் நடந்த சோதனை 2019இல் வெளிவந்தது. மீன் எண்ணெயால் எல்லோரையும் சேர்த்துப் பார்த்தால் பலன் தெரியவில்லை, உடலில் ஒமேகா-3 குறைவாக இருந்தவர்களுக்குத்தான் உதவியதற்கான அறிகுறி தெரிந்தது. ஆக, தட்டில் போதுமான மீன் விழுகிறவளுக்கு மீன் எண்ணெய் மாத்திரை வேண்டாம்; விழாதவளுக்குத்தான் பேச்சு.

எண்ணூர்ப் பக்கத்து ஆலைக் கழிவை நினைத்து அஞ்சுகிறவர்களும் உண்டு. அந்த அச்சத்தைத் தள்ளிவிட முடியாது. பாதரசம் பெரிய மீனில்தான் அதிகம் சேரும். குறைந்த காலமே வாழும் பொடிமீனில் குறைவு. பிள்ளை பெற்றவளுக்குப் பால் சுரக்கச் சுறாப் புட்டு செய்து கொடுக்கும் வழக்கம் நமக்குப் பிரியமானதுதான். ஆனாலும் கர்ப்ப காலத்திலும் பால் கொடுக்கும் காலத்திலும் சுறாவைத் தவிர்ப்பதே நல்லது.

அதிகம் சாப்பிட்டால் பிள்ளை பெருத்துப் பிரசவம் கஷ்டமாகும் என்று தட்டைப் பாதியாக்கும் பெரியவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. அந்தப் பயத்துக்குத் தாயின் உடம்பு விலை கொடுக்கிறது. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி நாட்டில் கர்ப்பிணிகளில் 52 சதவீதம் பேருக்கு ரத்தசோகை.

மீன் மட்டும் போதாது

தொற்று, ரத்தக் கொதிப்பு, இரட்டைப் பிள்ளை என்று குறைமாதப் பிரசவத்துக்குக் காரணங்கள் பல. காரணமே தெரியாமல் போவதும் உண்டு. உணவு எல்லாவற்றையும் தடுத்துவிடாது. ரத்தக் கொதிப்பால் வரும் ஆபத்தைக் குறைக்கக் கால்சியம் மாத்திரை உதவும். ரத்தசோகைக்கு இரும்புச்சத்து மாத்திரை. இரும்பு மாத்திரையை டீயோடு விழுங்கினால் பாதிப் பயன் டீயோடு போய்விடும். அதையும் கால்சியத்தையும் வேறு வேறு வேளையில் போட வேண்டும். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டத்தில் தகுதியுள்ளவர்களுக்குப் பணமும் ஊட்டச்சத்துப் பெட்டகமுமாக 18,000 ரூபாய் மதிப்புள்ள உதவி உண்டு. பெட்டகத்தில் வரும் நெய்யும் பேரீச்சையும் வீட்டுக்கே பொதுவாகிவிட்டால், திட்டம் யாருக்கென்று வந்ததோ அவளைச் சேரவில்லை என்று பொருள்.

நாள் தள்ளிப்போனது தெரிந்தவுடன், 12 வாரத்துக்குள் கிராம சுகாதார செவிலியரிடம் பெயரைப் பதியுங்கள். வாரத்தில் இரண்டு நாளாவது, கூடை ஏலத்துக்குப் போகுமுன் ஒரு கை மத்தியை அவளுக்கென்று எடுத்து வையுங்கள்.